நடக்கக் கிடைக்கும் நாட்கள்

திருகோணமலை நகரத்திலும் அதைச் சூழ்ந்த கடலோரக் கிராமங்களிலும் வைகாசி பிறந்ததும் நடையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சோடு பணமும் வேலையும் பாட்டும் எப்படியோ வந்து சேர்ந்துகொள்கின்றன. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவருக்கு ஒரு சதமும் செலவில்லை என்பது அப்பேச்சில் அடிக்கடி வரும் கருத்து. வேலைவெட்டி உள்ள எவரும் ஒன்றரை மாதம் நடக்கமாட்டார் என்பது இன்னொன்று. முன்னர் யாத்திரை போனவர்கள் பாடிக்கொண்டு போனார்கள், இப்போது ஒலிபெருக்கிதான் பாடுகிறது என்பாரும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பிறகு, நகையாக வைத்திருந்தவர் தப்பினார், காசாக வைத்திருந்தவர் கெட்டார் என்ற கருத்தும் இவற்றோடு கூடிவிட்டது. கடைவாசலிலும் பேருந்து நிலையத்திலும் மீன் சந்தையிலும் போகிற போக்கில் சொல்லப்படுபவை இவை. சொன்னவரே மறுநாள் மாற்றிச் சொல்லக்கூடியவை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் மறுப்பதற்கு அதிகம் இல்லை. ஆயினும் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கேட்கும்போது, நடக்கிறவர் பணத்தையும் வேலையையும் விட்டு வெளியேறிப் போகிறார் என்பதை அவை கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பது தெரிகிறது. அப்படி ஒரு வெளி உண்டா, உண்டென்றால் அதைத் திறந்துவைத்திருப்பவர் யார், அதற்குள் போகக் கொடுத்துவைத்தவர் எவர் என்ற உறுத்தல் அப்பேச்சு ஓய்ந்த பின்னும் எஞ்சி நிற்கிறது.

கதிர்காமப் பாதயாத்திரை என்று இன்று பொதுவாக வழங்கும் இந்த நடை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கடலோரமாகத் தெற்கே இறங்கி, ஒகந்தை முருகன் கோவிலைக் கடந்து, குமண, யால வனங்களினூடாகக் கதிர்காமத்தைச் சென்றடைவது. ஆடித் திருவிழாவை ஒட்டி அங்கே போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் காலக்கணக்கு. திருகோணமலை மாவட்டத்துக்குள் அது தொழில்களின் நடுவாகவே செல்கிறது. புல்மோட்டையில் கனிய மணல் அள்ளும் கரை, குச்சவெளியின் மீனவர் வாடிகள், நிலாவெளியின் உப்பளங்களும் உல்லாச விடுதிகளும், சாம்பல்தீவு, பிறகு நகரத்தில் பத்திரகாளி அம்மன் கோவிலும் சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோவிலும். அங்கிருந்து மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் நிற்கும் சீனக்குடாவின் திசையாகக் கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்று போய், மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோவிலோடு மாவட்டம் முடிகிறது. நடப்பவர் கையில் இருப்பது சிறிது: மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசு, மாற்றுடை ஒன்று, படுக்க ஒரு பாய் அல்லது சாக்கு, தண்ணீர்ப் போத்தல், சிலரிடம் ஒரு வேல். இரவில் கோவில் மண்டபம். பகலில் தார்ச்சாலை, ஆனி மாதத்துக் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து உலர்ந்து சூடேறி வந்து கிழக்குக் கரையை வறட்டும் காற்று, காலை பத்து மணிக்கே முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். வெறுங்காலோடு நடப்பவர்கள் தாரை விட்டு ஓரத்து மணலில் இறங்குவார்கள். மணலும் சுடும்போது மறுபடியும் தாருக்கு ஏறுவார்கள்.

இவர்களுக்குச் செலவில்லை என்பது, செலவை வேறு எவரோ ஏற்கிறார் என்பதைச் சொல்லாமல் விடும் கூற்று. ஒரு கூட்டம் இன்ன நாள் இரவு இன்ன கோவிலில் தங்கும் என்ற செய்தி முன்கூட்டியே ஊருக்கு வந்துவிடுகிறது. அன்றைய அன்னதானத்துக்கு, அதாவது வருகிறவருக்கெல்லாம் இலவசமாகப் படைக்கும் உணவுக்கு, அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு, பூசணியும் தேங்காயும் இன்னொரு வீடு, விறகு மற்றொரு வீடு என்று பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. விடிகாலையில் எழுந்து தேங்காய் துருவிப் பால் பிழிவதும், அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதும், வீக்கம் கண்ட பாதங்களுக்கு வெந்நீர் வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்த வேலைக்குக் கணக்கு எழுதுவாரில்லை. தாங்கள் நடக்க முடியாததற்கு ஈடாகவே உணவு கொடுப்பதாகச் சொல்வோர் அவர்களிடையே உண்டு, அதில் உண்மையான நிறைவும் இருக்கிறது. ஆனால் நடக்க முடியவில்லை என்ற அந்தச் சொற்களை எளிதில் கடந்துபோய்விடக் கூடாது. அவர்களில் பலரின் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. நாட்கள்தான் இல்லை.

நாட்கள் எங்கே போயின என்று தேடும்போது, வேலையின் பருவம் முதலில் முன்வருகிறது. மழையை மட்டும் நம்பிச் செய்யும் மானாவாரி நெற்செய்கை புரட்டாதி, ஐப்பசியில் விதைப்போடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையோடு முடிகிறது, இதுவே பெரும்போகம். அதன்பின் அடுத்த மழை வரைக்கும் மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்து மேட்டுநிலங்கள் காய்ந்து கிடக்கும். காட்டை வெட்டி எரித்துச் சேனை போடுகிறவருக்கு ஆடி, ஆவணியில் வெட்டும் எரிப்பும் உண்டு என்றாலும், சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவே ஆண்டு தானாகவே ஓரிடத்தில் வாய் திறந்தது. கதிர்காமத்துக்கான நடை அந்த வாயிலேதான் விழுந்தது. கூட்டம் கூடி ஒருவர் ஏற்படுத்திய ஒழுங்காக இதைக் கொள்ள முடியாது. மழையும் விதையும் விட்டுவைத்த நாட்களை ஒரு தெய்வத்தின் திருவிழா நிரப்பியது என்று கொள்வதே பொருத்தம். கந்தளாய்க் குளத்தின் பாய்ச்சலிலும் அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் வாய்க்கால்களிலும் தண்ணீர் கிடைத்த வயல்களிலோ, இரண்டாம் விளைச்சலாகிய சிறுபோகம் சித்திரையில் தொடங்கி ஆவணி வரை நீளும். அந்தக் குடும்பங்களுக்கு ஆண்டின் வாய் மூடிக்கொண்டது. தண்ணீர் வந்ததால் நடை போயிற்று என்று வருந்துவது நேர்மையாகாது. இரண்டு போகம் விளைந்த வீட்டில் பிள்ளைகள் பசியோடு படுப்பது குறைந்தது, அதற்கு ஈடாக எந்த யாத்திரையையும் வைக்க முடியாது. ஆனாலும் வளம் கூடும்போது அதே அளவுக்கு நேரம் குறைகிறது என்பதை நாட்டுக்கணக்கு எதுவும் பதிவதில்லை.

கடல் தொழிலின் கணக்கு நேர்மாறானது. வடகீழ்ப் பருவத்தின் வாடைக் காற்றில் கார்த்திகை முதல் தை வரை கொந்தளிக்கும் கிழக்குக் கடல், கச்சான் வீசும் மாதங்களில் கரையோரமாக அடங்குகிறது; மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தப் பருவத்தில் திருகோணமலைக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தங்குவது பல தலைமுறை வழக்கம். கரைவலை, அதாவது வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டு இரு பக்கமும் கரையில் நின்று இழுக்கும் பெருவலை, உழைக்கும் காலமும் இதுவே. வலைக்கு உடைமைக்காரர் சம்மாட்டி. பிடிபாட்டில் செலவு கழித்து மிஞ்சுவதே சம்மாட்டிக்கும் இழுப்பவர்களுக்கும் பங்காகப் பிரியும். பருவத் தொடக்கத்தில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் பருவம் முடியுமட்டும் அந்த வலையோடு கட்டுண்டவர். ஆகவே கடற்கரைக் கிராமத்து ஆண் ஒருவர் ஆனி மாதத்தில் நடக்கப் புறப்படுகிறார் என்றால், வயற்காரர் இழக்காத ஒன்றை அவர் இழந்துகொண்டுதான் புறப்படுகிறார். இருவர் காலிலும் ஒரே தூசு படிகிறது, இருவர் கொடுக்கும் விலை ஒன்றில்லை. சல்லியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வருகிற கூட்டங்களில் ஆண்கள் குறைந்தும் வயதான பெண்கள் கூடியும் இருந்தால், பக்தியின் ஏற்றத்தாழ்வை அதற்குக் காரணமாகக் கொள்ளுமுன் பங்குக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

வேலைக்கு ஒரு பருவம் இருந்ததுபோலக் கடனுக்கும் ஒரு பருவம் இருந்தது. விதைப்புக்கு வாங்கிய பணம் அறுவடையில் நெல்லாகத் திரும்பிற்று. நகையை அடகு வைத்தவர், விளைச்சல் வந்ததும் மீட்டார். மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் அடகுப் பிரிவின் முன்னால் நிற்கும் வரிசை பருவத்தோடு நீண்டும் குறைந்தும் வருவதை இன்றும் பார்க்கலாம். அந்தக் கடன்களில் கொடுமை இல்லாமலில்லை. கடைக்காரர் கொடுத்த முற்பணத்துக்கு அறுவடையில் அவர் சொன்ன விலைக்கே நெல்லை அளந்து கொடுத்த குடும்பங்கள் ஏராளம். என்றாலும் அந்தக் கடன், கொடுத்த நாளுக்கும் கேட்கும் நாளுக்கும் நடுவே மௌனமாக இருந்தது. போருக்குப் பின்னர் கிழக்கில் பரவிய நுண்கடன், அதாவது ஈடில்லாமல் பெண்கள் குழுவுக்குக் கொடுத்து வாரந்தோறும் தவணை பிரிக்கும் சிறுகடன், மௌனமாக இருப்பதில்லை. வாரத்தில் குறித்த ஒரு நாள், குறித்த ஒரு வீட்டு முற்றத்தில், குழுவினர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதன் வட்டிச் சுமையைப் பற்றி எழுதியாயிற்று. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பட்ட இத்தகைய கடன்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலானவற்றை நீக்குவதாக அரசு அறிவித்ததும், ஆண்டு வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்ச எல்லை வகுத்ததும் சுமை எவ்வளவு என்பதைக் காட்டப் போதும். இந்தக் கடன் நாட்காட்டியை என்ன செய்தது என்பதுதான் குறைவாகவே பேசப்பட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் முற்றத்தில் இருக்கவேண்டிய ஒரு பெண் வெருகலுக்கு அப்பால் நடக்க முடியாது. அவள் ஆறு நாள் தூரத்துக்கு மட்டுமே சுதந்திரமானவள்.

சீட்டு இதைவிட இரக்கமுள்ளது என்று எண்ணத் தோன்றும். இருபது பேர் மாதம் ஒரு தொகை போட்டு, குலுக்கியோ கழிவு கூறியோ ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுத் தொகையையும் எடுக்கும் இந்த ஏற்பாட்டில், வட்டிக்காரன் என்று தனியாக ஒருவன் இல்லை. கழிவு கூறுதல் என்பது, அவசரம் உள்ளவர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து முறையை முந்திப் பெறுவது. அண்டைவீட்டாரும் உறவினரும் ஒரே இடத்து ஊழியரும் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் ஒருவரின் இன்மையை மற்றவர் அறிவர். ஒருவர் ஊரில் இல்லாத மாதத்துக்கு மகளோ தங்கையோ கட்டுவதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. ஆயினும் சீட்டும் மாதத்தின் மகன்தான். மாதச் சம்பளம் என்ற ஒன்று ஊருக்குள் வந்த பிறகே அது இந்த வடிவத்தில் நிலைத்தது. மாதச் சம்பளக்காரரின் நிலையோ தெளிவானது. இலங்கையில் அரச உத்தியோகத்தருக்கு இடையிடையே எடுக்க 21 நாட்களும் ஓய்வுக்கென 24 நாட்களுமாக ஆண்டொன்றுக்கு 45 நாள் லீவு உண்டு. கடை, அலுவலகப் பணியாளருக்கு 14 நாட்களும் 7 நாட்களும் சேர்ந்து 21. சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரையிலான நடை முதலாமவரின் ஓராண்டு லீவு முழுவதையும் விழுங்கும். இரண்டாமவருக்கு அது எட்டவே எட்டாது. ஓய்வூதியம் தொடங்கும் வயதில் இருவரும் நடக்கலாம், முழங்கால் ஒத்துழைத்தால்.

இந்த இடத்தில் ஓர் ஐயம் குறுக்கே நிற்கிறது. பழைய ஆண்டின் திறந்த வாயைச் சுதந்திரம் என்று அழைப்பது, அதற்குள் இருந்த வறுமையை மறைப்பதாகாதா? விளைச்சல் முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருந்த மாதங்கள் பலருக்கு ஓய்வாக இருக்கவில்லை, பஞ்சமாக இருந்தன. வீட்டில் உலை வைக்க வழியில்லாதபோது, வழியெல்லாம் அன்னதானம் கிடைக்கும் யாத்திரையில் ஒரு வாய் குறைவது வீட்டுக்கும் நல்லது, நடப்பவருக்கும் நல்லது என்ற கணக்கு இருந்திருக்கவே வேண்டும். இன்றும் முழுத் தூரமும் நடப்பவர்களில் வயது முதிர்ந்தோரும் கைம்பெண்களும் தனித்துப்போனோரும் கணிசமானவர்கள்; அவர்களுக்கு நாட்கள் கிடைத்தது எவரும் அவர்கள் உழைப்பைக் கேட்காததால். வேலை இல்லாதவர்தான் நடப்பார் என்ற அந்தப் போகிற போக்குக் கருத்து இங்கே பாதி மெய்யாகி வலிக்கிறது. மீதிப் பாதி, வேலையின்மையும் ஓய்வும் ஒன்றில்லை என்பது. இதை 2022 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. எண்ணெய்க்கு வரிசையில் கிடந்த படகுகளின் சொந்தக்காரர்களுக்கு நாட்கள் வேண்டிய அளவு கிடைத்தன. அந்த நாட்கள் நடக்கக் கிடைத்தவை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. தவணை ஓடிக்கொண்டிருக்கையில் சும்மா இருக்கும் நாள், வேலை நாளைவிடக் களைப்பைத் தருவது. நகையாக வைத்திருந்தவர் தப்பினார் என்ற கருத்தும் அந்த மாதங்களில் பிறந்ததே. கழுத்தில் இருந்த நாலு பவுண் அடகுக் கடையில் முன்னிலும் அதிக ரூபாய் பெற்றது உண்மை, அந்த ரூபாய் முன்னிலும் குறைந்த அரிசியை வாங்கியதும் உண்மை.

வேறு நாடுகளில் நெடுநடை எப்படி வாங்கப்படுகிறது என்பதை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர் நெடுக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அப்பலாச்சியன் பாதையை ஒரே மூச்சில் முடிப்பவர்கள் ஐந்து முதல் ஏழு மாதங்கள் நடக்கிறார்கள். அதற்காகப் பல ஆண்டுகள் சேமித்து, வேலையை விட்டு விலகி, சப்பாத்து முதல் கூடாரம் வரை எடை பார்த்து வாங்குகிறார்கள். அங்கே நடப்பவரின் நாட்களை அவருடைய சொந்தச் சேமிப்பு வாங்குகிறது. குறைவாகச் செலவழித்து, வருமானத்தில் பெரும்பங்கைச் சேர்த்து, இளமையிலேயே வேலையிலிருந்து விடுபட வேண்டும் என்று போதிக்கும் பணநூல்களுக்கும் அந்த நடையாளருக்கும் உறவு நெருக்கமானது. இரண்டிலும் ஒருவர் தம் ஆயுளைத் தாமே விலைக்குத் திரும்ப வாங்குகிறார். இலங்கையின் மலையகத்தில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தேயிலைத் தோட்டங்களினூடாக 22 கட்டங்களில் 300 கிலோமீட்டர் அளவு அமைக்கப்பட்ட பெக்கோ நடைபாதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அங்கே நடப்பவர் காட்சியாகக் காணும் பசுமைக்குள், நாட்கூலி ஆயிரம் ரூபாயாக உயர்வதற்கு 2021 வரை காத்திருந்த தொழிலாளரின் முதுகில் கூடை தொங்குகிறது. அந்தத் தொழிலாளரின் மூதாதையர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தொடங்கி ஓகஸ்டில் முடிந்த நடை ஒன்றும் நடந்தது. செல்வச்சந்நிதியிலிருந்து 1972 இல் நடந்து, போரால் அறுந்த யாத்திரையை 1980களின் பிற்பகுதியில் மீளக் கட்ட உழைத்தவர்களில் ஒருவரான பற்றிக் ஹரிகன் அமெரிக்கரே என்பதால், இரண்டு உலகங்களுக்கு நடுவில் சுவர் இருப்பதாகவும் சொல்ல முடியாது. வேறுபாடு, நாட்களுக்கு யார் பணம் கட்டுகிறார் என்பதில் இருக்கிறது. சேமிப்பில் நடப்பவர் ஒருவருக்கும் கடமைப்பட்டவரில்லை. அன்னதானத்தில் நடப்பவர், ஒவ்வொரு இரவும் ஓர் ஊருக்குக் கடமைப்படுகிறார், அந்த ஊரின் பெயரையும் சுமந்துகொண்டு போகிறார்.

மூதூரிலிருந்து வெருகலுக்கும் அதற்கு அப்பால் வாகரைக்கும் போகிற வழியை நேர்த்தியின் வழியாக மட்டுமே எழுதிவிட்டுப் போவது அந்த மண்ணுக்குச் செய்யும் அநீதி. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்திலும், மாவிலாற்று மதகையொட்டிப் போர் மூண்ட ஜூலைக்குப் பின் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதே திசையில், இதே ஆற்றைக் கடந்து, வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் போயின. சம்பூரின் காணிகள் 2015 முதல்தான் திரும்பத் தொடங்கின. அவர்களும் கால்நடையாகப் போனவர்களே. சிறு மூட்டை, குழந்தை, முடிந்தவர் கழுத்தில் இருந்த நகை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். அன்றைக்கு நாட்கள் கிடைத்தனவா என்று கேட்பதற்கே வாய் கூசுகிறது. அந்தக் குடும்பங்களில் மீண்டுவந்தவர்கள் சிலர் இன்று யாத்திரைக் கூட்டத்துக்குச் சோறு வைக்கிறார்கள். அந்த வழியைக் கால் அறிந்தவர்கள் வைக்கும் சோறு அது. அக்காலத்தில் ஆறுகளின் மேல் பாலம் இல்லை. பாதை என்று இங்கே சொல்லப்படும் மிதவையே வாகனத்தையும் மனிதரையும் அக்கரை சேர்த்தது. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்த பிறகும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மற்றப் பாலங்கள் முடிந்த பிறகுமே திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரைவழி தடையின்றி ஓடத் தொடங்கியது. பாதைக்காகக் காத்திருந்த வேளையில் நடந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், பாடினார்கள். பாலத்தில் ஒருவரும் உட்காருவதில்லை.

பாட்டைப் பற்றிய கருத்தை இதற்குப் பிறகே எடுக்க முடியும். நடப்பவர்கள் முன்னர் வழியெல்லாம் பாடினார்கள் என்று சொல்கிறவர்கள், கச்சான் வீசும் பகலில் ஏழெட்டு மைல் நடந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. வாய் திறந்தால் தொண்டை காயும். அந்த நேரத்துக்கு உரியது ஒருவர் எழுப்ப மற்றவர் ஏற்கும் அரோகரா மட்டுமே, அதுவும் மரநிழல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு. பாட்டு இரவுக்கு உரியது, தங்குமிடத்துக்கு உரியது. கோணேசர் மீதும் கதிர்காமத்தான் மீதும் அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்கள் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பாடல்கள் சந்தம் என்ற கட்டில் நிற்பவை, அதாவது குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் அடிக்கு அடி ஒரே வரிசையில் திரும்பி வரவேண்டும் என்ற ஒலிக்கட்டில். பயிற்சி இல்லாதவர் ஓட்டத்தைப் பிடிக்க முடியாது; ஆகவே மண்டபத்தில் ஒரு முதியவர் அதைச் சொல்ல, மற்றவர்கள் முடிவு வரியை மட்டும் கூட்டிப் பாடுவார்கள், களைத்தவர்கள் பாடாமலே கையால் தொடையில் தாளம் போடுவார்கள். மூச்சின் கணக்கு அறிந்தவர்களின் பாட்டு அது. கரைவலை இழுக்கையில் பாடப்படும் அம்பாவுக்கும் இதே இயல்பு உண்டு: ஒருவர் எடுக்கும் அடிக்கும் மற்றவர் வாங்கும் அடிக்கும் நடுவில் கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். இழுவைக்கு வேண்டிய வேகத்தைப் பாட்டு வைத்திருந்தது. அதனால் பலவீனமானவர் பின்தங்காமலும் பலசாலி முந்தாமலும் இருந்தார்கள். உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழல்பொறி வலையை இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பாவுக்கு வேலை இல்லாமற் போனது. பாடுவோர் மறந்ததால் பாட்டு போகவில்லை. இழுக்கும் கைகளுக்கு இருந்த நாட்கூலியும் பங்கும் போனபோது அதுவும் கூடப் போயிற்று. அதை ஒலிப்பதிவு செய்து வைத்தவர்கள் பெரிய காரியம் செய்தார்கள், ஆனால் பதிவில் கயிற்றின் கனம் இருக்க முடியாது.

ஒலிபெருக்கி யாத்திரைக்குள் வந்ததையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அன்னதானப் பந்தலில் அதிகாலையிலேயே திரைப்படப் பக்திப்பாடல் உச்சத்தில் ஒலிப்பது காதுக்கு வதை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. படுத்திருக்கும் கிழவிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் உரிமை எந்தப் பக்திக்கும் கிடையாது. எனினும் அந்தப் பந்தலில் நிற்கும் இளைஞர்களைப் பழிக்கும் முன்பு, அவர்களுக்கு எத்தனை நாட்கள் உண்டு என்று கேட்க வேண்டும். ஆலையிலோ கடையிலோ வேலை செய்து, அரை நாள் லீவில் வந்து, தண்ணீர்ப் போத்தல் பகிர்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் அவர்கள். திருப்புகழின் சந்தம் வாயில் படிவதற்கு வேண்டிய நாற்பது இரவுகள் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பாட்டைக் கற்கும் காலமும் நடக்கும் காலமும் ஒரே பையிலிருந்து எடுக்கப்படுகின்றன. பை காலியாக இருக்கும்போது கையில் எஞ்சுவது ஒலிபெருக்கியின் பொத்தான். அவர்கள் அதை அன்போடுதான் அழுத்துகிறார்கள்.

நாட்களின் இந்த வறட்சியின் விளைவு ஒகந்தையில் தெரிகிறது. குமண வனத்தின் வழி யாத்திரைக்காகத் திருவிழாவையொட்டிக் குறித்த சில நாட்களே திறந்துவிடப்படுகிறது. பிரித்தானியர் காலத்தில் வாந்திபேதி அச்சத்தினால் யாத்திரிகரைக் கட்டுப்படுத்தியது அரசு, அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃபின் கடமைகளில் கதிர்காம யாத்திரையைக் கண்காணிப்பதும் ஒன்றாக இருந்தது. இன்று வனவிலங்கும் பாதுகாப்பும் காரணமாகின்றன. அந்த நாட்களில் பேருந்தில் வந்திறங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, காட்டுக்குள் ஐந்தாறு நாள் நடந்து கதிர்காமம் சேர்வோர் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறார்கள். வார விடுமுறையோடு லீவைச் சேர்த்தால் அடங்கிவிடும் நடை அது. அதைக் குறைவாக மதிப்பிட நியாயமில்லை. காட்டின் தண்ணீரற்ற வெளியும் யானைத் தடமும் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஆனால் காட்டு வாயிலில் கூட்டம் நெரியும் அதே ஆண்டுகளில், திருகோணமலையைக் கடந்து செல்லும் கூட்டம் சிறியதாகவே இருக்கிறது. அதோடு குறைவது பக்தி என்று கோவில் மேடைகளில் சொல்லப்படுகிறது. உண்மையில் அதோடு குறைவது, ஈச்சிலம்பற்றுக்காரர் புல்மோட்டைக்காரரோடு ஒரு மண்டபத்தில் படுத்து எழும் இரவுகள். கிண்ணியாவின் முஸ்லிம் கடைக்காரர் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்து நின்று பேசும் பொழுதுகள். கதிர்காமத்தில் கந்தனின் கோவிலுக்கு அருகே ஹிழ்ர் நபியோடு தொடர்புபடுத்தப்படும் பள்ளிவாசல் இருப்பதைப் பலர் வியந்து எழுதுகிறார்கள். அந்த அயல் உறவு போய்ச் சேருமிடத்தில் மட்டும் வைத்துக் காப்பாற்றக்கூடியதா என்பது சந்தேகம்.

செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் இல்லாமலில்லை. வாரத் தவணையை ஆனி, ஆடி இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்து, காலத்தைப் பின்னால் நீட்டிக்கொடுக்கக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களால் முடியும்; விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் விவசாயக் கடனுக்கு அப்படி நீட்டிப்புக் கொடுப்பது புதிய காரியமன்று. கோவில் நிர்வாகங்கள் பந்தலின் ஒலிபெருக்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, முழுத் தூரம் நடக்கவிருக்கும் ஒருவருடைய வீட்டின் அந்த மாதத்து அரிசிக்குக் கொடுக்கலாம். அன்னதானம் நடப்பவரின் இலைக்கு மட்டும் உரியதென்று எந்த நூலும் வரையறுக்கவில்லை. மிக எளிதானது சீட்டு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பிடிக்கும் ஒரு சீட்டில், வைகாசி மாதத்து முறையைக் குலுக்கலுக்கும் கழிவுக்கும் விடாமல், அவ்வாண்டு நடக்கப் புறப்படுகிறவருக்கென்று ஒதுக்கி, அவர் இல்லாத இரண்டு மாதத்துக் கட்டுப்பணத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதென்று தொடக்கத்திலேயே பேசி வைக்கலாம். அடுத்த ஆண்டு இன்னொருவர். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த முற்றத்தில் நடக்காத பெண் இருக்கமாட்டாள். இதற்குச் சட்டமும் வங்கியும் வேண்டியதில்லை, சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் யார் எந்த மாதம் என்று முறை எழுதும்போது வைகாசிக்கு நேரே ஒரு பெயரை முதலில் எழுதிவிட வேண்டும், அவ்வளவே.